முழங்கை வலிக்கு ஓரடி ரப்பர் தடி: பார்பெல் தூக்குவோருக்குத் தெராபேண்ட் ஃப்ளெக்ஸ்பார் எவ்வளவு உதவும்?

பார்பெல் (இரு முனையிலும் எடைத்தட்டு மாட்டும் இரும்புக் கம்பி, சுருக்கமாகப் பார்) தூக்கி முழங்கை நோகிறது என்று விளையாட்டுப் பொருள் கடைக்குப் போகிறவர் கண்ணில் முதலில் படுவது கறுப்பு நிற நியோபிரீன் உறைகள்தாம். அவற்றைத் தாண்டிப் போய், ஃபிசியோதெரபி பொருள்கள் இருக்கும் மூலையில் ஓரடி நீள ரப்பர் தடி இருக்கிறதா என்று கேளுங்கள். தெராபேண்ட் ஃப்ளெக்ஸ்பார் என்பது அதன் பெயர். டென்னிஸ் எல்போ, கோல்ஃபர்ஸ் எல்போ என்று சொல்லப்படும் இரண்டு வலிகளுக்கும் இந்த விலையில் இதைவிடப் பயனுள்ள பொருள் இல்லை என்பது எங்கள் மதிப்பீடு. உறையும் பட்டையும் தைலமும் வலியைத் தணிக்கும். இதுவோ, தசையை எலும்போடு இணைக்கும் நைந்துபோன தசைநாணுக்கு அளவாக வேலை கொடுத்து அதைத் தேற்றுகிறது. ஆனால் தூக்கும் முறையைத் திருத்தாமல் இதை மட்டும் முறுக்கிக்கொண்டிருந்தால் காசும் வீண், நேரமும் வீண். அதனால் தடியைப் பற்றி எவ்வளவு சொல்கிறோமோ, அவ்வளவு பாரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்.

வாங்கும் முன்: வலி எந்தப் பக்கம்?

முழங்கை வலி என்பது ஒரே வலி இல்லை. தடி உதவுவது இரண்டு வகைக்குத்தான்.

கையை நேராக நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க வையுங்கள். மறுகையால் நடுவிரலைக் கீழே அழுத்தி, அந்த அழுத்தத்தை எதிர்த்து நடுவிரலை மேலே தூக்குங்கள். முழங்கையின் வெளிப்புற எலும்பு முண்டில் வலி குத்தினால் அது டென்னிஸ் எல்போ. மணிக்கட்டை மேல்நோக்கி நிமிர்த்தும் தசைகள் அந்த முண்டில்தான் தொடங்குகின்றன. எதையும் இறுகப் பிடிக்கும்போது மணிக்கட்டு மடங்கிவிடாமல் காப்பவையும் அவையே. ஆகவே டெட்லிஃப்ட் (பாரைத் தரையிலிருந்து தூக்கி நிமிர்வது), ரோயிங், புல்-அப் என்று பிடி அதிகம் கேட்கும் பயிற்சிகளில் இது தலைகாட்டும். தண்ணீர் நிரம்பிய கெட்டிலைத் தூக்கும்போதும் உணரலாம்.

உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பி, மணிக்கட்டை உள்நோக்கி மடக்கி, மறுகையால் எதிர்த்துத் தள்ளும்போது உள்புற முண்டில் வலித்தால் கோல்ஃபர்ஸ் எல்போ. லோ பார் ஸ்குவாட் (பாரை முதுகில் சற்றுத் தாழ்வாக வைத்து உட்கார்ந்தெழுவது), உள்ளங்கை முகத்தைப் பார்க்கும் சின்-அப், நேர் பாரில் செய்யும் கர்ல் (முழங்கையை மடக்கி எடையைத் தூக்குவது) ஆகியவை இதற்கு வழக்கமான காரணங்கள்.

முழங்கையின் பின்புற முனையில், டிரைசெப்ஸ் எலும்போடு சேரும் இடத்தில் வலித்தால் தடியால் பயனில்லை. ஸ்கல் கிரஷர் (படுத்தபடி எடையை நெற்றிப் பக்கம் இறக்கி ஏற்றுவது), டிப்ஸ், குறுகிய பிடி பெஞ்ச் பிரெஸ் (படுத்தபடி பாரை மார்பிலிருந்து மேலே தள்ளுவது) ஆகியவற்றைக் குறைத்து, கயிற்றுப் பிடியோடு கேபிள் புஷ்டவுனை மெதுவாகச் செய்வதே அங்கே வழி. சிங்கப்பூரின் தேசிய சேவையாளர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஐபிபிடி உடல்தகுதித் தேர்வு நெருங்கும்போது தினமும் சேர்த்துச் செய்யும் புஷ்-அப்களும் இதே தசைநாணின் கணக்கில்தான் ஏறுகின்றன. அந்த வாரங்களில் பெஞ்ச் செட்டுகளைக் குறைக்காவிட்டால் பின்முனை வலி வருவதில் வியப்பில்லை.

சுண்டுவிரலும் மோதிரவிரலின் பாதியும் மரத்துப்போகிறதா, இரவில் கையை மடக்கித் தூங்கினால் கூசுகிறதா? அது முழங்கையின் உள்பக்கப் பள்ளத்தில் ஓடும் நரம்பின் சிக்கல். தடியை முறுக்குவது அதைக் கிளறிவிடவும் கூடும். வாங்க வேண்டாம்.

தடியின் வகைகள்

நீளம் சுமார் 30 செ.மீ. பிடி வழுக்காமலிருக்க மேற்பரப்பு முழுவதும் வரிவரியாக இருக்கும். மஞ்சள், சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் தடிமனும் இறுக்கமும் கூடும். மஞ்சளுக்கு 6 பவுண்டு, சிவப்புக்கு 10, பச்சைக்கு 15, நீலத்துக்கு 25 என்று நிறுவனம் குறிப்பிடுகிறது. இவை தடியை வளைக்கத் தேவைப்படும் விசையைக் காட்டும் எண்கள். முறுக்கும்போது கைக்குக் கிடைக்கும் எடை எவ்வளவு என்பது நீங்கள் எவ்வளவு முறுக்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

200 கிலோ டெட்லிஃப்ட் செய்கிறவர் நீலத்தில்தான் கை வைப்பார். அங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். முதுகும் தொடையும் எவ்வளவு பலமானவையாக இருந்தாலும், வலிக்கிற தசைநாண் அந்தப் பலத்தில் பங்கு கேட்காது. ஆறு வாரத்துக்கு மேல் நீடிக்கும் வலி என்றால் சிவப்பில் தொடங்குங்கள். வலி லேசாக, பயிற்சியின்போது மட்டும் இருப்பவர் பச்சையில் தொடங்கலாம். 15 முறை மெதுவாகச் செய்து முடிப்பதற்குள் வலி பத்துக்கு நான்கைத் (வலியே இல்லாதது 0, தாங்க முடியாதது 10) தாண்டினால் ஒரு நிறம் கீழே இறங்க வேண்டும்.

வெளிப்பக்க வலிக்கு முறுக்கும் முறை

வலிக்கும் கையில் தடியைச் செங்குத்தாகப் பிடித்து, அந்த மணிக்கட்டைப் பின்னோக்கி நன்றாக நிமிர்த்திக்கொள்ளுங்கள். நல்ல கையால் தடியின் மேல்முனையைப் பிடியுங்கள். அந்த உள்ளங்கை உங்களுக்கு அப்பால் பார்க்கட்டும். இப்போது நல்ல கையின் மணிக்கட்டை மடக்கித் தடியை முறுக்குங்கள், ஈரத்துணியைப் பிழிவதுபோல. வலிக்கும் கையின் மணிக்கட்டு நிமிர்ந்த நிலையிலேயே அசையாமல் இருக்க வேண்டும். முறுக்கு கலையாமல் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டுங்கள். முழங்கைகள் நேராக, தடி தரைக்கு இணையாக இருக்கும். இனி நல்ல கையை அப்படியே நிறுத்திவைத்து, வலிக்கும் கையின் மணிக்கட்டை மட்டும் மெல்ல மெல்ல முன்னால் மடங்கவிட்டு முறுக்கை அவிழுங்கள். இந்த அவிழ்ப்புக்கு நான்கு விநாடி. அது ஒன்றுதான் மருந்து. முன்னால் செய்தவை எல்லாம் அதற்கான ஏற்பாடு.

15 முறை, மூன்று செட், செட்டுக்கு இடையில் அரை நிமிட ஓய்வு, நாளுக்கு ஒருதடவை. 15 முறையும் எந்த உறுத்தலும் இல்லாமல் முடிகிறது என்றால் அடுத்த நிறத்துக்குப் போகலாம்.

உள்பக்க வலிக்கு இதைத் தலைகீழாக்க வேண்டும். வலிக்கும் கையின் மணிக்கட்டை உள்நோக்கி மடக்கிய நிலையில் தடியைப் பிடித்து, நல்ல கையின் மணிக்கட்டைப் பின்னோக்கி நிமிர்த்தி முறுக்குங்கள். கைகளை நீட்டிய பிறகு, வலிக்கும் கையின் மணிக்கட்டை மெல்லப் பின்னோக்கிப் போகவிட்டு அவிழுங்கள். முதல் சில நாள் கண்ணாடிமுன் நின்று செய்வது நல்லது. எந்தக் கை முறுக்குகிறது, எந்தக் கை அவிழ்க்கிறது என்பது எளிதில் மாறிப்போகும்.

பிழைகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். இரண்டு மணிக்கட்டும் சேர்ந்து அவிழ்ந்தால் வலிக்கும் தசைநாணுக்குப் பாதி வேலைகூடக் கிடைக்காது. முழங்கை மடங்கினாலும் இழுவிசை குறைந்துபோகும். டக்கென்று விட்டுவிட்டால் தடி தானாகத் திரும்பிக்கொள்கிறது, தசைக்கு ஒன்றும் நடப்பதில்லை. டெட்லிஃப்டுக்கு முன்னால் மூன்று செட் முறுக்கிவிட்டுப் போனால் களைத்த முன்கையோடு கனத்தைப் பிடிக்க வேண்டியிருக்கும். பயிற்சி முடிந்து சில மணி நேரம் கழித்தோ, பயிற்சியில்லாத நேரத்திலோ செய்யுங்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய பிழை, இரண்டு வாரத்தில் பலன் தெரியவில்லை என்று தடியை அலமாரிக்குள் போட்டுவிடுவது. தசைநாண் தசையைப்போல விரைவில் தேறுவதில்லை. ஆறு முதல் பன்னிரண்டு வாரம் என்று மனத்தைத் தயார்படுத்திக்கொண்டு தொடங்க வேண்டும்.

செய்யும்போது லேசாக வலிக்கலாம். பத்துக்கு மூன்று, நான்கு வரை பரவாயில்லை. மறுநாள் காலையில் வலி பழைய அளவுக்குத் திரும்பியிருக்கிறதா என்பதுதான் உரைகல். கூடியிருந்தால் முறுக்கின் அளவைக் குறையுங்கள், ஒருநாளும் பயிற்சியை விட்டுவிடாதீர்கள்.

ஆதாரம் எவ்வளவு?

இந்தப் பயிற்சிக்கு டைலர் ட்விஸ்ட் என்று பெயர் வரக் காரணமான ஆய்வு 2010இல் நியூயார்க்கிலிருந்து வெளிவந்தது. நாள்பட்ட டென்னிஸ் எல்போ உள்ள 21 பேர் பங்கேற்றனர். எல்லோருக்கும் வழக்கமான ஃபிசியோதெரபி தரப்பட்டது. 11 பேர் அதோடு ரப்பர் தடியையும் முறுக்கினர். தடி முறுக்கியவர்களுக்கு வலி 81 விழுக்காடு குறைந்தது. மற்றவர்களுக்கு 22 விழுக்காடு. வலிமையிலும் அதே மாதிரி பெரிய இடைவெளி.

எண்ணிக்கை வியக்கவைக்கும், ஆனால் 21 பேர் என்பது சிறிய கூட்டம். அவர்கள் பார்பெல் தூக்குவோராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களும் அல்லர். வேறு பல ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால் தெளிவாவது இதுதான்: தசைநாணுக்குப் படிப்படியாக எடை கூட்டும் பயிற்சி எதுவாக இருந்தாலும் உதவும். ரப்பர் தடியின் சிறப்பு, அதை வரவேற்பறை நாற்காலியில் உட்கார்ந்தே செய்யலாம், கைப்பையில் போட்டு அலுவலகத்துக்கும் கொண்டுபோகலாம் என்பது. நாள் தவறாமல் செய்ய முடிகிற பயிற்சியே கடைசியில் வேலை செய்கிறது.

ஊசிக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில வாரங்களில் வலி பறந்துவிடும், உண்மைதான். 2013இல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று டென்னிஸ் எல்போ உள்ள 165 பேரை ஓராண்டு தொடர்ந்து கவனித்தது. ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களில் 54 விழுக்காட்டினருக்கு வலி திரும்பிவந்தது. மருந்தில்லாத ஊசி போட்டவர்களில் 12 விழுக்காட்டினருக்குத்தான் அப்படி ஆனது. போட்டி நாள் நெருங்குகிறது என்பதற்காக ஊசி கேட்கும் வீரர்கள் இந்த எண்களைத் தெரிந்துகொண்டு மருத்துவரிடம் பேசட்டும்.

தடியின் குறைகள்

நிறத்துக்கு நிறம் ஏறும் படி பெரிது. சிவப்பு எளிதாகிவிட்ட பிறகு பச்சையில் எட்டுத் தடவைகூடச் செய்ய முடியாமல் தவிப்பது சாதாரணம். அந்த இடைவெளியில் முதல் செட்டைப் பச்சையிலும் மற்ற இரண்டைச் சிவப்பிலும் செய்து கடக்கலாம். அதாவது இரண்டு தடி வாங்க வேண்டிவரும். இன்று எவ்வளவு முறுக்கினோம் என்று அளக்கவும் வழியில்லை. தடியின் நீளவாக்கில் பேனாவால் ஒரு நேர்கோடு போட்டுவைத்தால், முறுக்கும்போது அந்தக் கோடு எவ்வளவு சுற்றுகிறது என்று பார்த்து ஓரளவு கணிக்கலாம்.

புதிதாக வரும்போது ரப்பர் வாடை இருக்கும், சில நாளில் அடங்கிவிடும். கை வியர்த்திருந்தால் வரிகளையும் மீறி வழுக்கும். வெயில் படும் ஜன்னல் ஓரத்திலோ நிறுத்திவைத்த காருக்குள்ளோ விட்டுவைத்தால் ரப்பரில் வெடிப்பு விழத் தொடங்கும். ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்கள் பெட்டியில் எழுதியிருப்பதை முழுக்கப் படித்த பிறகே தொட வேண்டும்.

இன்னொன்று: பலசாலிகளுக்குத் தடி ஒரு கட்டத்தில் போதாமல் போகும். பச்சை எளிதாகிவிட்டால் டம்பெல்லுக்கு மாறலாம். முன்கையைத் தொடைமேல் கிடத்தி, மணிக்கட்டு முழங்காலுக்கு வெளியே தொங்க, வெளிப்பக்க வலிக்கு உள்ளங்கை கீழே, உள்பக்க வலிக்கு உள்ளங்கை மேலே. மூன்று விநாடி ஏற்றம், நான்கு விநாடி இறக்கம். 2 அல்லது 3 கிலோவில் தொடங்கி, 12 முதல் 15 தடவை, மூன்று செட், ஒருநாள் விட்டு ஒருநாள். தடி வாங்க மனமில்லாதவர்கள் நேரே இதிலிருந்தே தொடங்கலாம். ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றரைக் கிலோ, அதுவே போதும். முன்கையைச் சுழற்றும் தசைகளுக்கு வன்பொருள் கடைச் சுத்தியல் ஒன்று அருமையான கருவி. கைப்பிடியின் நுனியைப் பிடித்து, தலையை இடமும் வலமும் மெதுவாகச் சாய்த்து எடுங்கள். கனமாக இருந்தால் பிடியைத் தலைப்பக்கம் நகர்த்தினால் எடை குறைந்துவிடும்.

பாரைப் பிடிக்கும் விதம்தான் வேர்

தடி தேற்றுகிறது, வாரத்துக்கு மூன்று நாள் பார் மறுபடி நைக்கிறது. இந்தப் போட்டியில் பாரே வெல்லும். ஆகவே இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள்.

உள்பக்க வலிக்குப் பெரும்பாலும் பழி பெஞ்ச் பிரெஸ்மேல் விழுகிறது. வலி அங்கேதானே தெரிகிறது! ஆனால் புண்ணாக்குவது பல நேரம் அதற்குமுன் செய்த லோ பார் ஸ்குவாட். இதில் பார் பின்தோள் தசைமேல் உட்கார வேண்டும். சுமப்பது முதுகு, கை அதை முதுகோடு ஒட்டிவைக்க மட்டுமே. தோள் இறுகிப்போனவருக்குக் கை அவ்வளவு பின்னால் போகாது. மணிக்கட்டு பின்னோக்கி மடங்கும். பார் உள்ளங்கைக்குள் இறங்கும். கனத்தில் ஒரு பங்கு மடங்கிய மணிக்கட்டு வழியாக முன்கையில் ஏறும். மணிக்கட்டு மேலும் மடங்கிவிடாமல் தடுக்க முன்கையின் மடக்குத் தசைகள் செட் முழுவதும் இறுகி நிற்கும், அவற்றின் வேர் அந்த உள்முண்டு. அடுத்து பெஞ்சில் படுத்ததும் வலி பேசத் தொடங்குகிறது. சந்தேகமிருந்தால் இரண்டு வாரம் பெஞ்சை அப்படியே வைத்துக்கொண்டு, லோ பாரை மட்டும் ஹை பாராக (பாரைக் கழுத்தடியில் உயரமாக வைப்பது) மாற்றிப் பாருங்கள். வலி இறங்கினால் காரணம் கிடைத்துவிட்டது.

திருத்தம்: கட்டைவிரலையும் மற்ற விரல்களோடு பாரின் மேலேயே வையுங்கள். புறங்கையும் முன்கையும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். அது முடியவில்லை என்றால் பிடியை இருபுறமும் ஒரு விரற்கடை அகலப்படுத்துங்கள், இன்னும் முடியவில்லை என்றால் இன்னொரு விரற்கடை. முழங்கையை வானத்தை நோக்கித் தள்ளினால் பார் நன்றாகப் பூட்டிக்கொள்ளும் என்ற எண்ணத்தில் பலர் அதை மிகையாக உயர்த்துகிறார்கள். உடலின் சாய்வுக்கு இணையாக இருந்தாலே போதும். கனம் ஏற்றும் முன் துடைப்பக்கட்டையை இரு கையால் அகலமாகப் பிடித்துத் தலைக்குமேல் முன்னும் பின்னும் பத்துத் தடவை கொண்டுபோங்கள். பிறகு வெறும் பாரை முதுகில் வைத்து அரை நிமிடம் நில்லுங்கள், மூன்று தடவை. குளிர்சாதனம் பலமாக வீசும் ஜிம்மில் இந்தச் சூடேற்றலைச் சுருக்க வேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகும் வலித்தால் ஆறு வாரத்துக்கு ஹை பார், எடையைப் பத்து விழுக்காடு குறைத்து. கைப்பிடிகள் முன்னால் நீண்டிருக்கும் சேஃப்டி ஸ்குவாட் பார் உங்கள் ஜிம்மில் இருந்தால் அதுவே சிறந்தது. தோளும் முழங்கையும் முழு ஓய்வெடுக்கும், கால் பயிற்சி தடைபடாது. புதிதாக ஜிம் சேர்கிறவர்களில் முழங்கை வலி அடிக்கடி வருகிறவர்கள் மாதக் கட்டணத்தைக் கேட்பதற்குமுன் இந்தப் பார் இருக்கிறதா என்று கேட்பது நல்லது.

பெஞ்சில் பார் விரல்களின் அடியில் அல்ல, உள்ளங்கையின் அடிமேட்டில், முன்கை எலும்புக்கு நேர் மேலே இருக்க வேண்டும். மேலே போய் முழங்கையை அடித்துப் பூட்டுவதை நிறுத்துங்கள். டெட்லிஃப்டில் முழங்கை கயிறுபோல் நேராகத் தொங்கட்டும். மடக்கி இழுத்தால் பைசெப்ஸ் தசைநாணுக்கு ஆபத்து. கலப்புப் பிடியில் உள்ளங்கை வெளியே பார்க்கும் கைக்கு அந்த ஆபத்து இன்னும் கூடுதல்.

வெளிப்பக்க வலிக்காரர்கள் பிடியின் கடுமையைக் குறைக்க வேண்டும். ஒலிம்பிக் ஆண்கள் பார் 28 மி.மீ., பவர்லிஃப்டிங் பார் பெரும்பாலும் 29 மி.மீ. இதைவிடத் தடித்த பழைய பார்களும், பாரைத் தடிமனாக்கும் ரப்பர் பிடிகளும் வலி உள்ள மாதங்களில் வேண்டாம். நம் ஊர்ப் புழுக்கத்தில் கை வியர்க்கும். வழுக்கும் பாரைத் தக்கவைக்கத் தேவைக்குமேல் இறுக்கிப் பிடிப்போம், அந்த மிகை இறுக்கம் நேரே வெளிமுண்டில் விழும். கை வழுக்காமலிருக்கப் பூசும் சாக் தூளை அனுமதிக்காத ஜிம்களில் திரவச் சாக் பயன்படுத்தலாமா என்று கேளுங்கள். சின்-அப்பை நேர் பாரில் செய்யாமல், உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்கும் பிடியிலோ தொங்கும் வளையங்களிலோ செய்யுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளின் உடற்பயிற்சி மூலைகளில் இருப்பது அநேகமாக நேர் பார்தான். அங்கே எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். கர்லுக்கு வளைந்த ஈஸி பார்.

முழு ஓய்வு மட்டும் வேண்டாம். ஒரு மாதம் ஒன்றும் தூக்காமல் இருந்தால் வலி மறையும், தசைநாணும் பலமிழக்கும், பழைய எடைக்குத் திரும்பிய வாரமே எல்லாம் பழையபடி ஆகும். வலி பத்துக்கு மூன்றைத் தாண்டாத எடைக்கு இறங்கி, அங்கேயே இரண்டு மூன்று வாரம் நின்று ஏறுங்கள்.

தடியோடு சேர்த்து வாங்கத் தக்கவை, தகாதவை

டெட்லிஃப்ட் பட்டை, அதாவது மணிக்கட்டிலிருந்து பாரைச் சுற்றும் துணிப்பட்டை: வெளிப்பக்க வலிக்குத் தடிக்கு அடுத்தபடி இதுதான். சாதாரணப் பருத்திப் பட்டையே போதும். வலி இருக்கும்வரை கனமான செட்டுகளுக்குக் கட்டிக்கொள்ளுங்கள், சூடேற்றும் செட்டுகளை வெறுங்கையால் செய்யுங்கள். போட்டியில் இதற்கு அனுமதியில்லை.

மணிக்கட்டுப் பட்டை: உள்பக்க வலிக்கு நல்லது, சரியாகக் கட்டினால். மணிக்கட்டு மூட்டை மூடும்படி கட்ட வேண்டும். கைக்கடிகாரம் கட்டும் இடத்தில் கட்டினால் மணிக்கட்டு மடங்குவதை அது தடுக்காது.

முன்கைப் பட்டை: டென்னிஸ் எல்போ பட்டை என்று மருந்துக் கடைகளில் தொங்குவது. வலிக்கும் எலும்புமேலேயே கட்டிவிடுகிறார்கள், அது தவறு. முண்டுக்கு இரண்டு விரற்கடை கீழே, தசை புடைக்கும் இடத்தில் கட்ட வேண்டும். கட்டாமலும் கட்டியும் ஒருதடவை இறுகப் பிடித்துப் பாருங்கள். வலி குறைந்தால் வாங்குங்கள், வித்தியாசம் இல்லை என்றால் வேண்டாம். விரல் மரத்தால் தளர்த்துங்கள், வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள்.

முழங்கை உறை: எஸ்பிடி போன்ற நிறுவனங்களின் 5 மி.மீ. நியோபிரீன் உறை மூட்டைச் சூடாக வைக்கிறது, மென்மையாக அழுத்துகிறது. வலி குறைந்ததுபோல் இருக்கும், நம்பிக்கையும் வரும். ஆனால் தேறுவதற்கு அது எதுவும் செய்வதில்லை. தடி, உறை இரண்டிலொன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் உறையை விட்டுவிடுங்கள். போட்டியாளர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அனைத்துலகப் பவர்லிஃப்டிங் சம்மேளனமான ஐபிஎஃப் விதிகளின்படி பெஞ்ச் பிரெஸ்ஸில் முழங்கை உறை அணியக்கூடாது. வாங்கியவர்கள் பயிற்சி முடிந்ததும் பைக்குள் சுருட்டிவைக்காமல் அன்றே குளிர்ந்த நீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். இல்லாவிட்டால் வாடையோடு தோல் அரிப்பும் வரும்.

தைலங்கள்: கோடாலித் தைலமும் டைகர் பாமும் இல்லாத தமிழ் வீடு இங்கே அரிது. அவற்றிலுள்ள மென்தாலும் கற்பூரமும் வலியுணர்வை மறக்கடிக்கும், அவ்வளவே. தடவிய இடத்தின்மேல் உறையை மாட்டாதீர்கள், தோல் பொசுங்கும். டிக்ளோஃபெனாக் ஜெல் வலி புதிதாக வந்த நாள்களில் ஓரளவு உதவும். ஆஸ்பிரின் வகை மருந்துகளால் மூச்சுத்திணறல் வந்தவர்கள் தவிர்க்க வேண்டும். கீட்டோப்ரோஃபென் ஜெல் தடவினால், தடவும் நாள்களிலும் நிறுத்திய பிறகு இரண்டு வாரமும் அந்த இடத்தில் வெயில் படக்கூடாது. அரைக்கைச் சட்டையோடு வெளியில் நடக்கும் ஊரில் இது சின்ன விஷயமில்லை. மசாஜ் கன் வைத்திருப்பவர்கள் முன்கைத் தசையில் மட்டும் ஓட்டுங்கள், எலும்பு முண்டிலும் உள்பக்க நரம்புப் பள்ளத்திலும் வேண்டாம்.

எங்கே வாங்குவது?

ரப்பர் தடியை ஷோப்பி, லசாடா போன்ற இணையக் கடைகளில் எளிதாக வாங்கலாம். பெயரில்லாத மலிவுத் தடிகளும் அதே நிறங்களில் வருகின்றன. நிறம் ஒன்றாக இருந்தாலும் இறுக்கம் ஒன்றாக இருக்கும் என்று நம்ப முடியாது. சிவப்பிலிருந்து பச்சைக்கு ஏறும்போது ஒரே நிறுவனத் தடியாகவே வாங்குங்கள். தடியின் விலை தனியார் ஃபிசியோவிடம் ஒருமுறை போவதற்கான கட்டணத்தைவிடக் குறைவு. துணிப்பட்டை, மணிக்கட்டுப் பட்டைக்கு டிகாத்லனோ குவீன்ஸ்வே கடைத்தொகுதியோ போதும். போட்டுப் பார்த்து வாங்கலாம். ஜெல்லும் தைலமும் கார்டியன், வாட்சன்ஸ், முஸ்தஃபா எங்கும் உண்டு. ஜெல் வாங்கும்போது மருந்தாளுநரிடம் நீங்கள் சாப்பிடும் மற்ற மாத்திரைகளைச் சொல்லுங்கள்.

கடைக்குப் போகாமல் மருத்துவரிடம் போக வேண்டியவர்கள்

தூக்கும்போது 'டப்' என்ற உணர்வு, முழங்கையின் முன்பக்கம் ரத்தக்கட்டு, பைசெப்ஸ் மேலே சுருண்டதுபோன்ற தோற்றம்: இது தசைநாண் அறுந்ததற்கான அடையாளம், அன்றே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் முதல் இரண்டு மூன்று வாரத்துக்குள் செய்வது எளிது. தாமதித்தால் நாண் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். முழங்கையின் பின்முனை சிவந்து வீங்கிக் காய்ச்சலும் இருந்தால் கிருமித் தொற்றாக இருக்கலாம். மூட்டு பாதியில் சிக்கிக்கொள்வது, விரல் மரத்துப்போவது, கழுத்தைத் திருப்பினால் கையில் வலி ஓடுவது ஆகியவற்றுக்கும் தடி வேண்டாம்.

அவசரம் இல்லாத, ஆனால் மூன்று மாதத்தில் தணியாத வலிக்குப் பலதுறை மருந்தகத்தில் தொடங்குங்கள். அங்கிருந்து பரிந்துரைக் கடிதத்தோடு அரசாங்க மருத்துவமனைக்குப் போனால் மானியக் கட்டணம் கிடைக்கும். சாங்கி பொது மருத்துவமனையில் விளையாட்டு மருத்துவத்துக்கென்றே தனி நிலையம் இருக்கிறது. காத்திருக்க முடியாதவர்கள் தனியார் ஃபிசியோவிடம் கடிதமில்லாமல் நேரே போகலாம். துணைச் சுகாதார நிபுணர்களைப் பதிவுசெய்யும் மன்றத்தின் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா என்று இணையத்தில் பார்த்துவிட்டுப் போங்கள். போகும்போது ஸ்குவாட்டைப் பின்னாலிருந்தும், பெஞ்சைப் பக்கவாட்டிலிருந்தும் எடுத்த காணொளிகளைக் கைப்பேசியில் வைத்திருங்கள். கடைசி நான்கு வாரப் பயிற்சிக் குறிப்பையும், எந்த நிறத் தடியில் எத்தனை முறை முடிகிறது என்பதையும் சேர்த்துக் காட்டினால், முதல் சந்திப்பிலேயே உங்களுக்கேற்ற பயிற்சியை அவர் வகுத்துத் தர முடியும்.